ஸ்கூல் நாள்ல மட்டும் வர்ற வயித்து வலி

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்கு திருமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம். வீட்டுக்காரர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடையில வேலை பாக்குறாரு. மூத்தது பொண்ணு, 14 வயசு. எட்டாவது வரைக்கும் ஊருல கவர்மெண்ட் ஸ்கூல்ல நல்லா படிச்சா, இந்த வருசம் ஒம்பதாவதுக்கு டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல சேத்தோம். ஆடி மாசத்துல இருந்து காலையில எந்திரிச்சதும் வயித்து வலின்னு அழுகுறா. ஸ்கூல் வேன் போன கொஞ்ச நேரத்துல சரியாயிருது, ஞாயித்துக்கிழமை வலியே இல்ல. ஸ்கேன், ரத்தம், யூரின் எல்லாம் பாத்தாச்சு, ஒன்னும் இல்லைன்னுட்டாங்க. அவங்கப்பா நடிக்கிறான்னு வையிறாரு, ஒருநாள் கை நீட்டிட்டாரு. எங்க மாமியார் காத்து கருப்பு அண்டிருச்சுன்னு மந்திரிச்சு கயிறு கட்டி விட்டாங்க. இப்ப ரெண்டு வாரமா ஸ்கூலுக்கே போகல. தம்பிகிட்ட எரிஞ்சு விழுறா, என்கூட உக்காந்து பூ கட்டுறதையும் விட்டுட்டா. நடுவுல வட்டிக்காரங்க ஒரு தடவ வாசல்ல வந்து சத்தம் போட்டாங்க, அதுல இருந்து எனக்கும் மனசு சரியில்ல. பிள்ளைய எப்படி ஸ்கூலுக்கு அனுப்புறது?

பதில்: வணக்கம்மா. டாக்டர்னு எழுதிருக்கீங்க, நான் மாத்திரை எழுதிக் குடுக்குற டாக்டர் இல்ல, க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பேசி சரி பண்ற வேலை என்னோடது. மாத்திரை வேணுமா வேணாமான்னு பாக்குறவங்க சைக்யாட்ரிஸ்ட். உங்க பொண்ணுக்கு அது தேவைப்படுமான்னு ஒரு லெட்டரை வெச்சு நான் சொல்லிறக் கூடாது, நேர்ல ஒருத்தர் பாக்கணும். அதை எங்க போய் பாக்குறதுன்னு கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி வீட்டுல செய்ய வேண்டியது நெறைய இருக்கு.

உங்க வீட்டுல ரெண்டு தீர்ப்பு வந்துருச்சு. அப்பா நடிப்புங்குறாரு, அப்பத்தா காத்து கருப்புங்குறாங்க. ரெண்டு பேருமே அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்ட மாதிரி தெரியல, கேட்டிருந்தா நீங்க எழுதிருப்பீங்க. நீங்களும் இவ்வளவு எழுதிட்டு அவ என்ன சொன்னான்னு ஒரு வரி கூட எழுதல. குத்தம் சொல்லலம்மா, என்கிட்ட வர்ற முக்கால்வாசி அப்பா அம்மா இப்படித்தான் வர்றாங்க, பிள்ளைய பத்தி எல்லாம் தெரியும், பிள்ளை சொன்னது மட்டும் தெரியாது.

வலி உண்மை. ஸ்கேன்ல ஒன்னும் இல்லைன்னா கட்டி இல்ல, கல்லு இல்லன்னு தான் அர்த்தம், வலி இல்லைன்னு அர்த்தம் இல்ல. நம்ம குடலுக்குன்னே தனியா ஒரு நரம்பு வலைப்பின்னல் இருக்கு, அது மூளையோட விடாம பேசிக்கிட்டே இருக்கும். பயம் வந்தா உடம்புல அட்ரினலின் ஏறும், செரிமானம் மந்தமாகும், குடல் இறுக்கிப் பிடிக்கும், சின்ன அசைவு கூட வலியா தெரியும். பரீட்சை அன்னைக்கு காலையில நமக்கெல்லாம் வயித்தக் கலக்குமே, அதே தான், அவளுக்கு தினமும் நடக்குது. வேன் போனதும் சரியாகுதுன்னா அவ ஏமாத்துறான்னு ஆகாது, பயந்த விஷயம் தள்ளிப் போனதும் உடம்பு இறங்கி வருது, அவ்வளவு தான். ஞாயித்துக்கிழமை வலி இல்லாததுக்கும் அதே காரணம். இன்னொன்னு பாருங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு மேல முகம் மாறுதான்னு கவனிச்சீங்களா? அநேகமா மாறும்.

ஆனாலும் சில அறிகுறி இருந்தா மனசு மனசுன்னு சொல்லிக்கிட்டு இருக்காம திரும்ப டாக்டர்கிட்ட தான் போகணும். எடை குறையுது, ராத்திரி தூக்கத்துல இருந்தே வலி எழுப்பி விடுது, மலத்துல ரத்தம், காய்ச்சல், பச்சையா வாந்தி, வலி வலது பக்கம் கீழ்வயித்துல ஒரே இடத்துல நிக்குது, இப்படி ஏதாவதுன்னா தள்ளிப்போடாதீங்க. மாதவிலக்கு நாளுக்கும் வலிக்கும் சம்பந்தம் இருக்கான்னும் பாருங்க. அப்புறம் இதை யாரும் கேக்க மாட்டாங்க, நான் கேக்குறேன்: அந்த ஸ்கூல் பாத்ரூம் எப்படி இருக்கு? நெறைய பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம் போக கூச்சப்பட்டு, நாத்தம் தாங்காம, கதவுக்கு தாழ்ப்பாள் இல்லாம, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம அடக்கி வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வருதுங்க, அதுலயே யூரின் இன்பெக்‌ஷன், மலச்சிக்கல், அப்புறம் வயித்து வலி வராம என்ன வரும். அவ வாட்டர் பாட்டில் சாயங்காலம் எவ்வளவு மிச்சத்தோட வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப பயம் எங்க இருந்து வருதுங்குறது. ஸ்கூலுக்கு போக மாட்டேங்குற பிள்ளைங்கள பாத்தா காரணம் ரெண்டு பக்கம் இருக்கும், ஸ்கூல்ல ஏதோ ஒன்னு தள்ளுது, இல்ல வீட்டுல ஏதோ ஒன்னு இழுக்குது, சிலருக்கு ரெண்டும். உங்க பொண்ணுக்கு தள்ளுறதுக்கு என்ன இருக்கலாம்னு ஊகிக்க கஷ்டமில்ல. எட்டு வருசம் தமிழ்ல படிச்சு கிளாஸ்ல முதல் ரெண்டு மூணு பேர்ல நின்ன பிள்ளை, திடீர்னு சயின்ஸ், சோசியல் எல்லாம் இங்கிலீஷ்ல, எந்திரிச்சு வாசின்னு மிஸ் சொன்னா நாக்கு பெரளாது, பின்னாடி பெஞ்சுல நாலு பேரு சிரிக்கிறாய்ங்க. நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கு இது மத்தவங்களை விட அதிகமா வலிக்கும், ஏன்னா அதுவரைக்கும் அவங்களுக்கு இருந்த பேரே "நல்லா படிக்கிற பிள்ளை"ங்குறது தான். நான் ஊகிக்கிறேன், அவ்வளவு தான், வேற ஏதாவதாவும் இருக்கலாம்.

வீட்டுப் பக்கம் இழுக்குறது என்னன்னு நீங்களே எழுதிட்டீங்க, எழுதினதை நீங்க கவனிக்கல. வட்டிக்காரங்க வாசல்ல நின்னு சத்தம் போட்டதை போற போக்குல ஒரு வரியில எழுதிட்டு உங்க மனசு சரியில்லைன்னு முடிச்சுட்டீங்க. அப்ப பொண்ணு எங்க இருந்தா? வீட்டுக்குள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருந்தாளா? அதுக்கப்புறம் அவகிட்ட யாராவது அதப்பத்தி பேசுனீங்களா? 14 வயசுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும், ஆனா பாதி தான் தெரியும், மிச்ச பாதிய அதுவா கற்பனை பண்ணிக்கும், அந்தக் கற்பனை நெசத்தை விட மோசமா இருக்கும். நாம ஸ்கூலுக்கு போயிட்டா அவிய்ங்க திரும்ப வந்துருவாய்ங்க, அம்மா தனியா இருக்கும், அம்மா எதுவும் பண்ணிக்கிரும்னு பயந்துக்கிட்டு வாசலைக் காவல் காக்குற பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன். வெளிய கேட்டா வயித்து வலின்னு தான் சொல்லுவாங்க, அவங்களுக்கே அது பயம்னு தெரியாது. அதுவும் இல்லாம வீட்டுல காசுக்கு கஷ்டம், அதுல எனக்கு இவ்வளவு பீஸ் கட்டி சேத்துருக்காங்க, நான் படிக்கலன்னா என்னாகும்னு ஒரு பாரமும் தலையில ஏறியிருக்கும்.

அதனால கடனைப் பத்தி அவகிட்ட அளவா, நேரா சொல்லிருங்க. எவ்வளவு கடன்னு கணக்கு ஒப்பிக்க வேணாம். "கடன் இருக்கு, அப்பாவும் நானும் கட்டிக்கிட்டு இருக்கோம், அன்னைக்கு அவங்க சத்தம் போட்டது தப்பு, அதை பெரியவங்க நாங்க பாத்துக்குவோம், எனக்கு ஒன்னும் ஆகாது, நீ அதைச் சுமக்க வேணாம்", இந்த அளவுக்கு போதும். சும்மா "ஒன்னும் இல்ல, நீ போய் படி"ன்னா பிள்ளை நம்பாது.

அவகிட்ட பேசுறது எப்படின்னா, எதிர்ல உக்கார வெச்சு "சொல்லு, என்ன உனக்கு பிரச்சனை"ன்னு கேக்காதீங்க, போலீஸ் விசாரணை மாதிரி ஆயிரும், அந்த வயசுப் பிள்ளைங்க கண்ணைப் பாத்து மனசத் தொறக்காது. உங்க வீட்டுல அதுக்கு நல்ல வழி இருக்கு, பூ கட்டுறது. கையில வேலை இருக்கும், கண்ணு நாருலயும் பூவுலயும் இருக்கும், பேச்சு நடுவுல நின்னு போனாலும் சங்கடமா இருக்காது. அவளைக் கட்டச் சொல்லாதீங்க, சும்மா பக்கத்துல உக்காரச் சொல்லுங்க, வரலைன்னா நீங்க அவ இருக்குற இடத்துக்கு முறத்தைத் தூக்கிட்டுப் போங்க. மொத ரெண்டு மூணு நாள் ஸ்கூல் பேச்சே எடுக்காதீங்க. அப்புறம் ஏன் போக மாட்டேங்குறன்னு கேக்காம, "எந்த பீரியட் ரொம்ப கஷ்டமா இருக்கு", "சாப்பாட்டு நேரம் யார்கூட உக்காருவ", "வேன்ல எப்படி"ன்னு சின்னச் சின்னதா கேளுங்க. ஏன்னு கேட்டா பிள்ளை வக்கீல் மாதிரி காரணம் தேட ஆரம்பிக்கும்.

அவ ஏதாவது சொல்ல ஆரம்பிச்சுட்டான்னா உங்களுக்கு ரொம்ப கஷ்டமான வேலை அப்பத்தான் ஆரம்பிக்குது, அதாவது வாயை மூடிக்கிட்டு கேக்குறது. "இதுக்கா இவ்வளவு", "நாங்க படாத கஷ்டமா", "நாளைக்கே வந்து அந்த மிஸ்ஸ நாலு கேள்வி கேக்குறேன்" இந்த மூணும் வேணாம். மூணாவது பாசத்துல வர்றது தான், ஆனா பிள்ளை அதைக் கேட்டதும் பயந்துரும், அடுத்த தடவ சொல்லாது. "அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டுட்டு விட்டுருங்க. அப்புறம் அவ சொன்னதை போன்ல உங்க அக்கா தங்கச்சிகிட்ட, நாத்தனார்கிட்ட சொல்லிறாதீங்கம்மா, நம்ம வீடுகள்ல போன் ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு அடுப்படியில பேசுவோம், பிள்ளை அடுத்த ரூம்ல கேட்டுக்கிட்டு இருக்கும். ஒரு தடவ அப்படி நடந்துட்டா ஆறு மாசத்துக்கு வாயத் தொறக்காது.

இன்னொன்னையும் சொல்லணும், படிக்க உங்களுக்கு சங்கடமா இருக்கும். திடீர்னு ஸ்கூலுக்கு பயப்படுற பிள்ளை விஷயத்துல யாராவது தப்பா தொட்டாங்களா, தப்பா பேசுனாங்களான்னு ஒரு தடவையாவது கேட்டுறணும். வேன் டிரைவர், வாத்தியார், கூடப் படிக்கிற பையன், சொந்தக்காரங்க, யாரா வேணா இருக்கலாம். "யாராவது உன்கிட்ட தப்பா நடந்திருந்தா அதுல உன் தப்பு ஒன்னும் இல்ல, அம்மாட்ட சொன்னா அம்மா நம்புவேன்"னு சொல்லி வைங்க, பதில் உடனே வரணும்னு இல்ல. அப்படி ஏதாவது சொன்னா "நீ ஏன் அங்க போன"ன்னு கேக்காம 1098க்கு போன் பண்ணுங்க, குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க. 18 வயசுக்கு உள்ள எல்லாரையும் பாலியல் தொல்லையில இருந்து காப்பாத்த 2012 போக்சோ சட்டம் இருக்கு, புகார்ல பிள்ளை பேரை வெளிய விடக் கூடாதுன்னு அந்த சட்டமே சொல்லுது.

அவங்கப்பாவுக்கு வர்றேன். அடிச்சதை நான் ஞாயப்படுத்த மாட்டேன், அது இனிமே வேணாம்னு நீங்க உறுதியா சொல்லணும், பயத்துக்கு மேல பயத்தைப் போட்டா வலி கூடும். ஆனா அவரு மோசமான அப்பான்னும் எனக்குத் தோணல. ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மார்க்கெட்டுக்கு ஓடுறவரு, பகல்ல வந்து செத்த நேரம் தூங்குறவரு, கண்ணு முழிக்கும் போது பிள்ளை ஜம்முனு வீட்டுல உக்காந்திருக்கு, அவருக்கு அது நடிப்பா தான் தெரியும், காலையில அழுததை அவரு பாக்கவே இல்ல. இந்தப் பதிலை அவரை வாசிக்கச் சொல்லுங்க, இல்ல நீங்க வாசிச்சுக் காட்டுங்க. அவரு உக்காந்து மனசு விட்டுப் பேசணும்னு நான் எதிர்பாக்கல, நம்ம ஊரு அப்பாக்களுக்கு அது வராது, வரலைன்னாலும் பரவால்ல. சாயங்காலம் வண்டியில பின்னாடி ஏத்திக்கிட்டு கடைக்குப் போயிட்டு ஒரு பருத்திப்பால் வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வரட்டும், படிப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம. பெரியப்பா மக நீட்டுக்கு படிக்குது பாருங்குற ஒப்பீடை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, அப்படி ஒரு அக்கா உங்க குடும்பத்துலயும் இருக்கும், எல்லா குடும்பத்துலயும் ஒன்னு இருக்கு.

அவரு எந்திரிக்கும் போது வீடு முழுக்க லைட்டு போட்டு, பாத்திரம் உருட்டி, பிள்ளையும் முழிச்சுக்குதான்னும் பாருங்க. 13ல இருந்து 18 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துல இருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும், அதோட வயசுக்கு வந்த பிள்ளைங்களுக்கு ராத்திரி தூக்கம் வர்ற நேரமே இயற்கையா தள்ளிப் போகும், அது சோம்பேறித்தனம் இல்ல. பதினோரு மணிக்கு தூங்கி ஒரு மணிக்கு முழிப்பு வந்து அஞ்சரைக்கு எழுப்பி விட்டா யாருக்கும் எரிச்சல் தான் வரும். தம்பிகிட்ட எரிஞ்சு விழுறதுல பாதி இதுவா கூட இருக்கலாம்.

மாமியாரோட சண்டை போடாதீங்க. கயிறு கட்டுனா கட்டிட்டுப் போகட்டும், திருநீறு பூசுறதுல பிள்ளைக்கு ஒரு ஆறுதல் இருந்தா நல்லது தானே. ஆனா "உன் மேல ஏதோ இருக்கு"ன்னு அவ காது கேக்கப் பேசக் கூடாது, வேப்பிலையால அடிக்கிறது, பட்டினி போடுறது, கோயில்ல கொண்டு போய் தங்க வைக்கிறது எதுவும் கூடாது. அப்பத்தாவுக்கு வேற வேலை குடுங்க, ராத்திரி பக்கத்துல படுக்க வெச்சு கதை சொல்லச் சொல்லுங்க, பாதி பிள்ளைங்க அம்மாகிட்ட சொல்லாததை அப்பத்தாகிட்ட தான் சொல்லும்.

இனி ஸ்கூலுக்கு அனுப்புறது. பயந்த இடத்துக்குப் போகாம இருக்க இருக்க பயம் கூடும், குறையாது. ரெண்டு வாரம் நாலு வாரமாகும், நாலு வாரம் வருசமாகும், அதனால "அவளா போகட்டும்"னு விடுறதும் தப்பு, தரதரன்னு இழுத்துட்டுப் போய் வேன்ல ஏத்துறதும் தப்பு. மொதல்ல நீங்க தனியா போய் கிளாஸ் மிஸ்ஸப் பாருங்க, சண்டைக்குப் போற மாதிரி போகாதீங்க. கொஞ்ச நாளைக்கு எந்திரிச்சு வாசிக்கச் சொல்ல வேணாம்னும், வயிறு வலிச்சா வீட்டுக்கு அனுப்பாம ஸ்டாப் ரூம்ல பத்து நிமிசம் உக்கார வெச்சு திரும்ப கிளாஸுக்கு அனுப்பச் சொல்லியும் கேளுங்க. மொத நாள் ரெண்டு பீரியட் போதும், அவளுக்குப் புடிச்ச பாடம் வர்ற நேரமா பாத்து நீங்களோ அவங்கப்பாவோ கொண்டு போய் விட்டு கூட்டிட்டு வாங்க, அப்புறம் மத்தியானம் வரைக்கும், அப்புறம் முழு நாள். நடுவுல ஒருநாள் முடியலன்னா அடுத்த நாள் விட்ட இடத்துல இருந்து. வீட்டுல இருக்குற நாள்லயும் அதே நேரத்துக்கு எந்திரிச்சு குளிச்சு யூனிபார்ம் போட்டு புத்தகத்தோட உக்காரணும், ஸ்கூல் நேரத்துல போனும் டிவியும் கிடையாது. இதை தண்டனையா சொல்லாம வீட்டு வழக்கமா சொல்லுங்க.

காலையில எந்திரிச்ச உடனே "வயிறு வலிக்குதா"ன்னு கேக்காதீங்க, கேட்டாலே வலி வந்துரும். அவளா வலிக்குதுன்னா "ஆமா, வலிக்கும், கொஞ்ச நேரத்துல இறங்கிரும்"னு சொல்லிட்டு மூச்சை மெதுவா இழுத்து, அதை விட மெதுவா வெளிய விடச் சொல்லுங்க, கூட உக்காந்து நீங்களும் விடுங்க, அஞ்சு நிமிசம். ஸ்கூலே ஒத்து வரலைன்னா, எல்லாம் பண்ணிப் பாத்தும் இங்கிலீஷ் மீடியம் அவளுக்கு பெரிய சுமையாவே இருந்தா, பழைய ஸ்கூலுக்கோ தமிழ் மீடியத்துக்கோ மாத்துறதை தோல்வியா நினைக்காதீங்க. சுத்தி இருக்குறவங்க நாலு நாள் பேசுவாங்க, அஞ்சாவது நாள் வேற ஆளைப் பேசப் போயிருவாங்க.

நேர்ல யாரைப் பாக்குறதுன்னா, மதுரை பெரியாஸ்பத்திரி, அதான் ராஜாஜி ஆஸ்பத்திரி, அங்க மனநலப் பிரிவு இருக்கு, ஓபில காசு கிடையாது. தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து குறிப்பிட்ட கிழமையில டாக்டர் வருவாங்க, திருமங்கலத்துல எந்தக் கிழமைன்னு கேட்டு வெச்சுக்கங்க. அலையாம மொதல்ல போன்ல பேசணும்னா 14416, டெலி மானஸ்னு 2022ல சென்ட்ரல் கவர்மெண்ட் ஆரம்பிச்சது, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க, ராத்திரியும் எடுப்பாங்க. பொம்பளப் பிள்ளைய அங்க கூட்டிட்டுப் போனா நாளைக்கு கல்யாணம் காட்சிக்கு பேச்சு வருமேன்னு யோசிப்பீங்க, எல்லாரும் யோசிக்கிறது தான். 2017 மனநலச் சட்டப்படி அங்க பேசுறதை டாக்டர் வெளிய சொல்லக் கூடாது. அதோட உங்க பொண்ணு ஒன்னும் அபூர்வமான கேஸ் இல்ல, பெங்களூரு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரி 2015-16ல பண்ணின தேசிய சர்வேல 13ல இருந்து 17 வயசு பிள்ளைங்கள்ல 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருந்துச்சு. நாப்பது பிள்ளைங்க இருக்குற கிளாஸ்ல ரெண்டு மூணு பேரு.

காத்துக்கிட்டு இருக்கக் கூடாத நிலைமையும் இருக்கு. எரிச்சல், சாப்பாடு பிடிக்காதது, புடிச்ச விஷயத்தை எல்லாம் விட்டுட்டது (பூ கட்டுறதை விட்டதா எழுதிருக்கீங்களே, அதையும் கணக்குல வைங்க), இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள் இருந்தா டிப்ரஷனா இருக்கலாம், இந்த வயசுல பல பேருக்கு அது அழுகையா வராம கோவமா வரும், அதனால தான் வீட்டுல யாருக்கும் புரியுறதில்ல. "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி"ங்குற மாதிரி பேசுனா, கையில கீறல் இருந்தா, அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. நேரா கேளுங்க, "செத்துரலாம்னு தோணுதா பாப்பா"ன்னு. கேட்டா புத்தியில ஏத்துற மாதிரி ஆயிரும்னு பயப்படுவாங்க, அப்படி ஆகாது, யாரோ ஒருத்தர் கேட்டுட்டாங்கங்குற ஆசுவாசம் தான் வரும். அப்படி தோணுதுன்னு சொன்னா தனியா விடாதீங்க. தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்து, எலி பேஸ்ட், அப்பத்தாவோட சுகர் பிரஷர் மாத்திரை எதுவும் வீட்டுல கைக்கு எட்டுற மாதிரி இருக்கக் கூடாது, இதை இன்னைக்கே பண்ணுங்க, அவ சொன்னாலும் சொல்லலைன்னாலும்.

உங்க மனசும் சரியில்லைன்னு எழுதிருக்கீங்க. 14416 உங்களுக்கும் தாம்மா. பிள்ளை பேரைச் சொல்லி போன் போட்டு உங்க கதையைப் பேசுனாலும் யாரும் வைய மாட்டாங்க.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு பழைய நோட்டுல எழுதி வைங்க: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வலி ஆரம்பிச்சு எப்ப நின்னுச்சு, முந்தின நாள் எத்தனை மணிக்கு தூங்குனா, வீட்டுல சண்டை சத்தம் ஏதாவது இருந்துச்சா. பக்கத்துல ஸ்கூல் டைம்டேபிளையும் ஒட்டி வைங்க, ஒரே மிஸ்ஸோட பீரியட் இருக்குற நாள்ல மட்டும் வலி கூடுதான்னு பாத்த உடனே தெரிஞ்சுரும். எடுத்த ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் மறக்காம கையோட கொண்டு போங்க, திரும்ப ஒரு தடவ அதே ஸ்கேனுக்கு செலவு பண்ண வேணாம்.